வெட்டி எறிந்த எலுமிச்சை

முதல் வாய் காப்பிக்கு முன்னால் வீடியோவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட வேண்டும் என்பது ராண்டால் போட்ட சட்டம். "எழுதினவங்களுக்கு உடனே பதில் போடுங்க தலைவி. அப்பதான் நம்மள நிபுணர்னு நம்புவாங்க" என்பான். ஜானினா உகால்டே இரண்டு வருடமாக அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அந்தச் சனிக்கிழமையும் தலைநகருக்குப் பக்கத்து எரேதியாவில் தன் வீட்டுச் சமையலறையில், ஒரு பக்கம் சோறும் கருப்பு பீன்ஸும் வாணலியில் வதங்கிக்கொண்டிருக்க, கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே நின்றாள். இதயம், இதயம், கைதட்டல், "நீங்கதான் எங்க குரு", மறுபடியும் இதயம். புகழுரை படிப்பதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை. யாருக்குத்தான் வரும்?

பிறகு அந்தப் படம் வந்தது.

பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. உள்ளே வெள்ளை வெளேரென்று பனங்குருத்துத் துண்டுகள். ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் ரோஜா நிற ரிப்பன். மலைக்கு அந்தப்பக்கம் ஓர்கேத்தாஸ் என்ற ஊரிலிருந்து யோர்லேனி என்பவள், டோன்யா என்று மரியாதை போட்டு எழுதியிருந்தாள்:

"டோன்யா ஜானினா, உங்க வீடியோவப் பாத்து அப்படியே போட்டுட்டேன். இன்னைக்கு மத்தியானம் எங்க கெய்லினுக்குப் பதினஞ்சு வயசு விழா. ஊரே வருது. எங்க நாத்தனார், எலுமிச்சை பிழியணும், புளிப்பு ஏறணும்னு ஒரு வாரமா என் உசிர வாங்கினாங்க. உங்க வீடியோவப் போட்டுக் காட்டினேன். கம்பெனி நடத்தறவங்களே பிழியல, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். அவங்க வாய் அடைச்சுப் போச்சு. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

ஜானினா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் நின்ற ஜாடியின் மூடி தட்டையாக இல்லை. லேசாக, மிக லேசாக, மேல்நோக்கி உப்பியிருந்தது.

ஜாடியில் கரைக்க வேண்டிய புளிப்பெல்லாம் இப்போது அவள் வயிற்றில்தான் கரைந்தது. வாணலியில் சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை.

குருத்து சாதுவான பொருள். அதில் சொந்தப் புளிப்பு கிடையாது. புளிப்பில்லாததைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கிருமி ஒன்று கொதிநீரையும் தாங்கிப் பிழைத்துக்கொண்டு, ஜாடிக்குள் சாவகாசமாக உட்கார்ந்து விஷம் காய்ச்சும். பல சமயம் வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. தின்றவருக்கு வாய் உலரும், கண்ணிமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும். கடைசியில் மூச்சு விடுகிற தசைகள் வேலையை நிறுத்திவிடும். இது ஜானினாவுக்குத் தெரியாததல்ல. அவளுடைய ப்ரிமேர் ப்ரோத்தே என்ற பனங்குருத்து ஆலையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாள் பாடமே இதுதான். புளிப்பை அளந்து பார்க்காமல் ஒரு ஜாடியும் அங்கிருந்து வெளியே போனதில்லை.

வெளியே போனது வீடியோதான்.

வீட்டிலேயே குருத்து ஊறப்போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் யோசனை ராண்டாலுடையது. அவன் ஜானினாவின் பெயரைக் கட்டி எழுப்புவதற்கென்று அமர்த்தப்பட்டவன். "ஜாடிய விக்கறவங்கள யாரும் நம்பமாட்டாங்க தலைவி. ரகசியத்தச் சும்மா குடுக்கறவங்களத்தான் நம்புவாங்க" என்றான். முதலில் அவள் முழுதாகத்தான் பேசினாள். குருத்தை வெட்டுவது, கழுவுவது, பிறகு, "ஆனால் ஒன்று, எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் இதை மூடவே கூடாது" என்று நிறுத்தி, ஏன் என்பதையும், எவ்வளவு என்பதையும், எத்தனை நேரம் ஊற வேண்டும் என்பதையும் விளக்கினாள். நல்ல வீடியோ. நாய்கூடச் சீந்தவில்லை.

ராண்டால் மடிக்கணினியைத் திருப்பி, பார்வையாளர் எண்ணிக்கை காட்டுகிற ஒரு கோட்டைக் காட்டினான். மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்திருந்தது கோடு. "பாருங்க. ஆனால்னு வாயத் தொறந்தீங்க, ஜனம் எந்திரிச்சுப் போயிடுச்சு. நிபுணர் வாயில ஆனால்ங்கற வார்த்தையும் வரக்கூடாது, ஒருவேளைங்கற வார்த்தையும் வரக்கூடாது. டாக்டர்கிட்ட போறோம், அவர் இழுத்தா நமக்குப் புடிக்குமா?"

அவன் எலுமிச்சையை வெட்டினான். அந்த இடத்தில் பாட்டு ஒன்றைச் செருகினான். அவள் பார்த்தாள், நெஞ்சில் ஏதோ உறுத்தியது. முழு முறை எங்கள் இணையப் பக்கத்தில் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டு, "போடு" என்றாள். அந்த வரியை யார் படித்தார்கள்? வீடியோ பறந்தது. வர்த்தகச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பனாமாவிலிருந்து ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக் குழுமம் அவளைத் தேடி வந்தது. வரும் திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தவர்கள் வீடியோ பார்க்காதவர்கள்தான், இருந்தாலும் விஷயம் தெரிந்தவர்கள்.

ஜானினா அந்தப் பெண்ணுக்குத் தனியாக எழுதினாள். "யோர்லேனி, நான் ஜானினா. அந்தக் குருத்தை யாரும் சாப்பிடக் கூடாது. உடனே உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்." பார்த்துவிட்டாள் என்ற அடையாளம் வந்தது. அடுத்து எழுதியது போகவில்லை. யோர்லேனி அவளைத் தடுத்துவிட்டிருந்தாள்.

ஏன் என்று புரிய ஜானினாவுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பெயரில் போலிக் கணக்குகள் முளைத்து ஜனங்களை ஏமாற்றிய சமயத்தில், அவளே ஒரு வீடியோ போட்டிருந்தாள். "நான் யாருக்கும் தனியாக எழுதமாட்டேன். என் பெயரில் எழுதி எண் கேட்டால் அவன் திருடன். யோசிக்காமல் தடுத்துவிடுங்கள்." யோர்லேனி குரு சொன்னதைத் தட்டாதவள்.

"ராண்டால், நான் செத்தேன்" என்றாள் தொலைபேசியில்.

அவன் தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொண்டான். பிறகு விழித்துக்கொண்டான். "மொதல்ல மூச்சு விடுங்க. எத்தனை வீடு? ஒரு வீடு. ஊர் பேர் இருக்கு, விழா நடக்கற எடம் இருக்கு. நேர்ல போய் நைசா சொல்லிட்டு வந்துடுங்க."

"வீடியோ?"

"சத்தமில்லாம எடுத்துடறேன். எடுத்தது யாருக்கும் தெரியவேணாம்."

"எச்சரிக்கை ஒண்ணு போட்டா என்ன? தப்பா சொல்லிட்டேன்னு."

"போடுங்க. திங்கட்கிழமை பனாமாக்காரன் அதத்தான் மொதல்ல பாப்பான். சாப்பாட்டுக் கம்பெனி முதலாளியம்மா தன் வாயால விஷம்னு சொல்லுது. உங்ககிட்ட வேலை செய்யறவங்க நெலமைய யோசிச்சீங்களா?" கொஞ்சம் தணிந்து, "ஒரு வீடுதானே தலைவி" என்றான்.

ஒரு வீடுதானே. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜானினா வண்டியைக் கிளப்பினாள். பயந்தவர்களுக்குச் சின்ன எண்ணிக்கை பெரிய ஆறுதல்.

மலைச்சாலை நல்ல நாளிலேயே நம்பத்தகாதது. சுரங்கப்பாதை தாண்டியதும் பனி இறங்கி முன்னால் போகிற சரக்கு லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக மிதந்தது. மழை. ஒரு வளைவில் மண் சரிந்து பாதிச் சாலையை மூடியிருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பலகையைத் திருப்பி எல்லோரையும் நிறுத்தினார். ஜானினா கண்ணாடியை இறக்கி, "அண்ணே, உயிர் போற விஷயம்" என்றாள். "இங்க நிக்கற எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார் அவர், மழையைத் துடைத்துக்கொண்டே.

நின்ற இடத்தில் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். "உங்கள் சமையலறையில் ஒரு கொலைகாரன் இருக்கிறான்" என்று வாய் தானாக ஆரம்பித்தது. பார்ப்பவரை முதல் வரியிலேயே கொக்கி போட்டு இழுக்க வேண்டும் என்று ராண்டால் பழக்கியது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே குரல்தான் வந்தது. ஒரு சாவுச் செய்தியைக்கூட இனிமேல் தன்னால் சாதாரணமாகச் சொல்ல முடியாதோ என்ற பயம் விஷத்தைப் பற்றிய பயத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

விழா அழைப்பிதழை யோர்லேனி தன் பக்கத்தில் போட்டிருந்தாள்; ராண்டால் தன் கணக்கிலிருந்து அதை எடுத்து அனுப்பியிருந்தான். ஊர்ப் பொதுக்கூடம், பழைய அத்திமரத்திலிருந்து கிழக்கே, மைதானம் தாண்டி. அத்திமரத்தை வெட்டி எத்தனையோ வருடமாகிறது. இல்லாத மரத்தை வைத்து வழி சொல்வதும், அதைக் கேட்டுச் சரியாகப் போய்ச் சேர்வதும் எங்கள் நாட்டில் எல்லோருக்கும் வரும். ஜானினாவுக்கு அன்றைக்கு வரவில்லை. மரம் நின்ற இடத்தைத் தேடி இரண்டு முறை ஊரைச் சுற்றினாள். சுற்றுகிறபோதெல்லாம் யாரோ முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவது போலத் தெரிந்தது.

பாட்டுச் சத்தம்தான் கடைசியில் வழி காட்டியது. தகரக் கூரையின் கீழ் ஊதா பலூன்கள். கோயில் பூசை முடிந்து ஜனம் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. கோழிச்சோறு தட்டுத்தட்டாகப் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் உருளை வறுவல். ஒவ்வொரு மேசை நடுவிலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் மயோனைஸ் பூசிய வெள்ளைக் குருத்து.

ஜானினா நனைந்த தலையோடு உள்ளே நுழைந்தாள். மஞ்சள் கவுன் போட்ட குண்டுப் பெண் ஒருத்தி அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் திணித்தாள்.

"டோன்யா ஜானினா. கடவுளே, நெசமாவே நீங்கதானா. அக்கா, இங்க வாங்க, யார் வந்திருக்காங்க பாருங்க. நான் யோர்லேனி. நான்தான் எழுதினது." சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்துவிட்டாள். நான்கைந்து கைபேசிகள் உயர்ந்தன.

"யோர்லேனி, அந்தக் குருத்த எடுத்துடுங்க. யாரும் தொடக்கூடாது. அதுல விஷம் இருக்கலாம்."

யோர்லேனி சிரித்தாள். "விளையாடாதீங்க. நீங்க சொன்னபடி ஒரு எழுத்து மாறாம பண்ணியிருக்கேன்."

"நான் சொன்னது தப்பு. எலுமிச்சை போடணும். நாங்க அத வெட்டிட்டோம். உங்க நாத்தனார் சொன்னதுதான் சரி."

சிரிப்பு பாதியில் நின்றது. யோர்லேனி தன் கைபேசியை எடுத்து, சேமித்து வைத்திருந்த எதையோ தட்டினாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நல்ல வெளிச்சத்தில், இன்னொரு ஜானினா திரையில் வந்து நின்றாள். "பயப்படாதீங்க. பத்தே நிமிஷம் கொதிக்கட்டும், மூடிடுங்க. அவ்வளவுதான்" என்றாள் அந்த ஜானினா. குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

"இது நீங்கதானே?" என்றாள் யோர்லேனி.

"நான்தான்."

பக்கத்து மேசையில் ஒருவர் மனைவியிடம், "இவங்க அவங்க இல்லடி. அவங்க நல்லா எடுப்பா இருப்பாங்க" என்றார். இன்னொரு குரல் பின்னாலிருந்து வந்தது. "எல்லாரும் வீட்டுலயே போட்டுக்கிட்டா இவங்க ஜாடிய யாரு வாங்குவா? அதான் மழையில ஓடி வந்திருக்காங்க." சிலர் சிரித்தார்கள். ஒருவர் கரண்டியால் கிண்ணத்திலிருந்து தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேணாம், சாப்பிடாதீங்க" என்று கத்தினாள் ஜானினா. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

யோர்லேனியின் முகம் சிவந்துவிட்டது. அவள் கெட்டவள் அல்ல. தன் மகள் விழாவில், ஊர் முன்னால், தன் கைச் சமையலை விஷம் என்று சொன்னால் யாருக்கும் ரத்தம் தலைக்கு ஏறும். ஒரு தட்டில் குருத்தை அள்ளி வைத்து, முள்கரண்டியும் சேர்த்து, ஜானினாவின் முன்னால் நீட்டினாள்.

"உங்க முறை. உங்க வாயால சொன்னது. என் வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகாதா? ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

ஜானினா கரண்டியை எடுத்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் நினைத்ததை இங்கே மறைக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுவிடலாமா என்றுதான் நினைத்தாள். எல்லா ஜாடியிலும் விஷம் இருக்காது. ஒரு துண்டு, கைதட்டல், ஒரு படம், வீட்டுக்குப் போய்விடலாம். கரண்டி குருத்தில் குத்தியது. வெண்ணெய் போல இறங்கியது. தூக்கினாள். கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. கரண்டி தட்டின் விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னால முடியல" என்றாள். "பயமா இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு." தட்டைக் கீழே வைத்துவிட்டு ஊர் பார்க்க நின்று அழுதாள்.

தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டவர் தட்டைத் தள்ளிவைத்தார். ஒவ்வொரு மேசையிலிருந்தும் கிண்ணங்கள் தாமாக நடுவழிக்கு வந்தன. வாயில் வைத்தவர் யாராவது உண்டா என்று ஜானினா மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு போனாள். இல்லை, இல்லை, இன்னும் இல்லை. அந்த இல்லைகளை அவள் பிரசாதம் வாங்குவது போல வாங்கிக்கொண்டாள்.

"நான் சாப்பிட்டேன்" என்றது ஒரு குரல்.

கதவோரம் பச்சை கவுனில் நின்ற உயரமான பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வாழைப்பழப் பெட்டி கட்டுகிற கைகள், முரட்டுக் கைகள். யோர்லேனி கூப்பிட்டும் இவ்வளவு நேரம் கிட்டே வராதவள்.

"அக்கா?" என்றாள் யோர்லேனி.

"வியாழக்கிழமை. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே இல்ல. விழா வீட்டுல சண்டை எதுக்குன்னு ஒரு ஜாடியத் தொறந்து உன் முன்னாடியே முக்கால்வாசி தின்னேனே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்." எலுமிச்சை பிழியச் சொன்ன அந்த நாத்தனார், டிக்னா, ஜானினாவைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது."

"தொறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு" என்றாள் யோர்லேனி.

"வந்துச்சு. புதுசுன்னா அப்படித்தான்னு நீ சொன்னே."

பக்கத்து நகரமான குவாப்பிலெஸின் மருத்துவமனைக்கு ஜானினாவின் வண்டியில்தான் போனார்கள். முன்னால் டிக்னா. பின்னால் யோர்லேனியும் கெய்லினும். பெண்ணின் ஊதா கவுன் வண்டியை அடைத்துக்கொண்டு கியர் கம்பிவரை வந்தது. ஜானினா சாலையைப் பார்த்ததைவிட டிக்னாவின் கண்ணிமையைப் பார்த்ததுதான் அதிகம்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கம்மா" என்றாள் டிக்னா. "விஷத்துல போறதுக்கு முன்னாடி லாரியில போயிடப்போறேன்."

டாக்டர் இளவயதுக்காரர். கேட்டதும் அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். கண்ணில் விளக்கடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். விஷமுறிவு மருந்தைத் தலைநகரிலிருந்து கேட்டிருக்கிறோம், மலைச்சாலை வழியாக வர வேண்டும் என்றார். ஒன்றும் ஆகாமலும் போகலாம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்று சொன்ன அந்தப் பையனை ஜானினா முழுதாக நம்பினாள். அதை நினைத்ததும் ராண்டாலின் கோடு ஞாபகம் வந்தது.

டிக்னாவைக் கவுனோடேயே கட்டிலில் படுக்க வைத்தார்கள். மூன்று பெண்கள் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். "இந்த வயசுல என் கண்ண இவ்வளவு பேர் பாக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். கெய்லின் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். யோர்லேனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜானினாவை அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

கைபேசி அதிர்ந்தது. ராண்டால்.

"அந்த வீடு முடிஞ்சுதா தலைவி? யாரும் படம் புடிக்கலியே?"

"ராண்டால், அந்த வீடியோவ எத்தனை பேர் சேமிச்சு வச்சிருக்காங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லு."

அவன் தாழ்ந்த குரலில், "ஜனம் பாத்துட்டுப் போறது பெருமை இல்ல, எடுத்துப் பத்திரப்படுத்தறதுதான் பெருமைன்னு விருந்து குடுத்தோமே. அன்னைக்கே நிறைய பேர் சேமிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் நான் பாக்கல" என்றான்.

ஒரு வீடு என்று காலையில் பிடித்த கயிறு அறுந்தது. சத்தமில்லாமல் வீடியோவை எடுத்தது யாரைக் காப்பாற்றியது? ஜனம் வைத்திருக்கிற பிரதி ஜனத்திடம் இருக்கிறது. ஜாடியும் ஜனத்திடம் இருக்கிறது. எச்சரிக்கை ஒன்றுதான் இல்லை. ஜானினா தொடர்பைத் துண்டித்துவிட்டு, கைபேசியைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "அன்பு நண்பர்களே, உங்கள் உயிரைக் காக்கும் ஒரு செய்தி" என்று ஆரம்பித்தாள்.

"அந்தக் கொரல் வேணாம்" என்றாள் டிக்னா கட்டிலிலிருந்து. "அது ஜாடி போடச் சொன்ன கொரல். தட்டக் கீழ வச்சுட்டு அழுதீங்களே, அந்தக் கொரல்ல சொல்லுங்க."

அந்தக் குரலில் சொன்னாள். முகம் துடைக்கவில்லை. எலுமிச்சையை வெட்டியது நான்தான், தெரிந்தே வெட்டினேன் என்றாள். ஜாடியைத் திறக்காதீர்கள், சாப்பிட்டிருந்தால் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். எங்கெங்கே தடுமாறினாளோ அப்படியே விட்டாள். ஒரு நொடியைக்கூட வெட்டாமல் போட்டாள்.

முதலில் பழக்கதோஷத்தில் சில இதயங்கள் வந்தன. அப்புறம் ஒருவர் திட்டினார். நாலு ஜாடி இருக்கிறது, கொட்டிவிடுகிறேன் என்று ஒருவர். கடையில் விற்றுவிட்டேனே என்று ஒருத்தி. எங்கள் பள்ளிக்கூட விழாவுக்குக் கொடுத்தோமே என்று இன்னொருத்தி. அவள் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். வந்துகொண்டே இருந்தன, ஊர் ஊராக. இந்த நாட்டில் இத்தனை சமையலறைகள் உண்டு என்பதை அவள் அதுவரைக்கும் வெறும் பெருமையாகத்தான் அறிந்திருந்தாள்.

அப்போது ஒன்று வந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் டிக்னா. "சத்தமா படிங்க."

ஜானினா படித்தாள். "போன மாசம் ஜாடி போட்டேன். இன்னைக்குத்தான் தொறக்கலாம்னு இருந்தேன். தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபாத்துக்கலாம்னு காலையில உங்க பக்கத்துல தேடினேன். வீடியோவக் காணோம். ஏன் எடுத்தாங்கன்னு கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு. நல்லவேளை, நான் சேமிச்சு வச்சிருந்தேன். போட்டுப் பாத்தேன். பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. மத்தியானம் நானும் என் ரெண்டு பிள்ளைங்களும் சாப்பிட்டுட்டோம். இப்ப என்ன பண்றது?"

காலையில் அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள். காலையில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

"எந்த ஊர்னு கேளுங்க" என்றாள் டிக்னா. "மொதல்ல ஊரக் கேளுங்க."

ஜானினா கேட்டாள். உடனே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதினாள். எழுத்துப் பிழையோடு போயிற்று. அந்தப் பக்கம் பதில் இல்லை. மற்ற பின்னூட்டங்கள் அதை மேலே தள்ளிக்கொண்டே போக, அவள் விரலால் அதை இழுத்து இழுத்துக் கண்முன்னால் நிறுத்தினாள்.

டிக்னா உதட்டை நாவால் தடவினாள். பிறகு மறுபடியும் தடவினாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றாள். "வாய் காயுது."

யோர்லேனி சுவரிலிருந்து திரும்பினாள். கெய்லின் நர்ஸைக் கூப்பிட ஓடினாள், நீளக் கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு. ஜானினா ஒரு கையால் தம்ளரை டிக்னாவின் வாயருகே பிடித்தாள். இன்னொரு கையில் கைபேசி. ஊர் பேர் இன்னும் வரவில்லை.